பெரிய கடன்காரன் சேர்ந்த சீட்டுல நாமளும் ஒரு ஆளு

போன வாரம் மழையில அலமாரிக்குள்ள ஈரம் எறங்கிட்டுன்னு பேப்பர் எல்லாத்தையும் எடுத்து வெளிய பரத்திப் போட்டேன், அதுல 2023 மார்ச்சுல பேங்குல இருந்து வாங்கின ஹவுசிங் லோன் ஸ்டேட்மெண்ட் ஒண்ணு கெடச்சுது. பேனாவால ஒரு வரியை வட்டம் போட்டு வச்சிருக்கேன், பக்கத்துல மூணு கேள்விக்குறி வேற. ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு நெனச்சு விட்டுப்போன விஷயம், அந்த வட்டத்தைப் பாத்ததும் இன்னைக்கு உக்காந்துட்டேன்.

2021 பிப்ரவரியில தக்கலை பக்கம் வீடு கட்ட 25 லட்சம் லோன் எடுத்தேன். வட்டி 6.9 சதவீதம், 20 வருஷம், மாசம் 19,233 ரூபாய் ஈஎம்ஐ. அப்ப எனக்கு வயசு 38, ஆக 58ல கடன் முடியும், கணக்கு சரியா இருக்குன்னு நெஞ்சை நிமித்திட்டு கையெழுத்து போட்டேன். ரெப்போ, அதாவது ரிசர்வ் பேங்கு மத்த பேங்குகளுக்குக் குடுக்கிற கடனோட வட்டி, அது கூடினா உங்க வட்டியும் கூடும் சார்னு ஆபீசர் சொன்னாரு, சொன்னதைக் கேட்டேன், ஆனா காதுல ஏறல, ஏன்னா அப்ப ரெப்போ 4 சதவீதம், அது எங்க கூடப்போவுதுன்னு ஒரு தெனாவட்டு. 2022 மே மாசம் ஆரம்பிச்சு 2023 பிப்ரவரிக்குள்ள ரிசர்வ் பேங்கு ஆறு தடவை கூட்டி 4ல இருந்து 6.5க்கு கொண்டுபோயிட்டு. என் லோன் 9.4 ஆச்சு. ஆனா மாசாமாசம் கணக்குல இருந்து போற தொகை மட்டும் அதே 19,233தான், அதனால எனக்கு ஒண்ணும் தெரியல. ஒருநாள் ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பாத்தா, அதுல வட்டிக்கு மட்டும் 18,800 சொச்சம் போவுது, அசல்ல கழியுறது 400 சொச்சம். நான் வட்டம் போட்டது அந்த 400ஐத்தான். அந்த வேகத்துல போனா கடன் முடிய இன்னும் 40 வருஷம், எனக்கு அப்ப 80 தாண்டியிருக்கும், மவன்தான் வந்து கடைசி ஈஎம்ஐ கட்டணும். பேங்குல போயி சத்தம் போட்டேன், கூட்டம் எல்லாம் திரும்பிப் பாத்துது. எந்த பேங்குன்னு சொல்லமாட்டேன், எல்லாரும் அப்ப அப்படித்தான் பண்ணினாங்க, சொல்லாம கொள்ளாம வருஷத்தை நீட்டிவிட்டாங்க. அப்புறம் 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்கே, வட்டி மாறும்போது கடன்காரங்கிட்ட சொல்லணும், ஈஎம்ஐயைக் கூட்டணுமா வருஷத்தைக் கூட்டணுமான்னு அவன்கிட்டயே கேக்கணும்னு உத்தரவு போட்டுது. எனக்கு அது அஞ்சு மாசம் லேட்டு.

வெளிய வந்து சாயக்கடையில நின்னு பொலம்பினப்ப கொத்தனார் மாமா ஒருத்தர் கேட்டாரு, “மக்களே, உனக்கு 25 லட்சம் கடனுக்கே இப்படி ஆடுதே, கவர்மென்ட்டுக்கு எம்புட்டு கடன், அவனுக்கும் இப்படித்தான் ஏறுமா?” நான் சும்மா ஆமா மாமான்னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சா அது தப்பான பதில். அந்தத் தப்புல இருந்துதான் இந்தத் தேடல் எல்லாம் ஆரம்பிச்சுது.

கவர்மென்ட்டுக்கு அப்படி ஏறாது. அது வாங்குற கடன்ல பெரும்பகுதி பாண்டு, அதாவது கடன் பத்திரம், அதுல வட்டி எழுதி வச்சா எழுதி வச்சதுதான், முதிர்வு வரைக்கும் மாறாது. 2020ல 6 சதவீதத்துக்கு வாங்கின பத்து வருஷக் கடனுக்கு 2030 வரைக்கும் 6தான். மத்திய அரசோட நிலுவை பாண்டுகளோட சராசரி ஆயுள் 12 வருஷத்துக்கு மேல, 2023 நவம்பர்ல 50 வருஷ பாண்டே வித்துருக்காங்க, அது முதிரும்போது 2073. நான் வட்டியைத் தொறந்து போட்டுட்டு வீட்டைக் கட்டினேன், கவர்மென்ட்டு வட்டியைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகி வச்சிருக்கு. ரெப்போ ஏறின மறு காலாண்டே எனக்கு வலிச்சுது, அதுக்கு வலி புதுசா வாங்குற கடன்ல மட்டும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும்.

அப்ப கவர்மென்ட்டுக்கு வட்டி ஏறினா கவலையே இல்லையான்னா, இருக்கு, நெறைய இருக்கு. அதுக்கு எங்க தெரு சீட்டைப் பத்திச் சொல்லணும்.

எங்க தெருவுல ஒரு அக்கா ஏலச்சீட்டு புடிக்காங்க. 20 பேரு, ஆளுக்கு மாசம் 5,000, மொத்தம் ஒரு லட்சம். மாசாமாசம் ஏலம். அவசரம் இருக்கிறவன் தள்ளிக் கேப்பான், ஒருத்தன் 18,000 தள்ளி எடுத்தான்னா அவன் கையில 82,000, தள்ளின 18,000ல அக்காவுக்கு 5,000 கமிஷன் போவ மிச்சம் 13,000ஐ 20 பேருக்கும் பிரிச்சா ஆளுக்கு 650, அந்த மாசம் 4,350 கட்டினா போதும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா. ஆனா ஒரு விஷயம், கவர்மென்ட்டு கடன் வாங்குறதும் அச்சு அசல் இதேதான்! ஒவ்வொரு புதன்கிழமையும் ரிசர்வ் பேங்கு, ட்ரெஷரி பில்லுங்கிற கவர்மென்ட்டோட குறுகிய நாள் கடன் பத்திரத்தை ஏலம் விடும், 91 நாள், 182 நாள், 364 நாள். 100 ரூபாய் பில்லை 98க்கோ 97க்கோ கேப்பாங்க, முதிரும்போது 100 வாங்கிக்குவாங்க, தள்ளுறதுதான் வட்டி. நீண்ட நாள் பாண்டு ஏலம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை.

ஸ்கூல் தொறக்கிற ஜூன் மாசம், ஆவணி தை மாசக் கல்யாண சீசன், அப்பல்லாம் சீட்டுல தள்ளு எகிறும். 2,000 தள்ளிக் கேக்க ஆளில்லாத மாசமும் உண்டு, 25,000 தள்ளிட்டு எடுக்கிற மாசமும் உண்டு. இப்ப நெனச்சுப் பாருங்க, அந்த 20 பேர்ல ஒருத்தன் மட்டும் மலை மாதிரி ஆளு, ஒவ்வொரு மாசமும் அவனுக்குப் பணம் வேணும், எவ்வளவு தள்ளினாலும் எடுப்பான். மத்த 19 பேருக்கு என்ன ஆவும்? அவனை விடக் கூடத் தள்ளினாத்தான் சீட்டு கெடைக்கும். அந்த ஆளுதான் கவர்மென்ட்டு. 2025-26 பட்ஜெட்ல நிதிப் பற்றாக்குறை மட்டும் 15.69 லட்சம் கோடி. செலவு பண்ற ஒவ்வொரு ரூபாய்லயும் 20 பைசா பழைய கடனுக்கு வட்டி, வர்ற ஒவ்வொரு ரூபாய்லயும் 24 பைசா புதுக் கடன். வட்டி மொத்தம் 12.76 லட்சம் கோடி. எண்ணைப் பாத்து மலைக்காதீங்க, 20 பைசாவை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க.

இப்பத்தான் சிக்கல் வருது. ஏலம் விடுறது ரிசர்வ் பேங்கு, அதாவது கவர்மென்ட்டுக்காகக் கடன் தேடிக் கொடுக்கிற தரகர் அவர்தான். முடிஞ்ச அளவு குறைஞ்ச வட்டிக்கு வாங்கிக் கொடுக்கிறது தரகரோட வேலை. ஆனா விலைவாசி ஏறினா வட்டியைக் கூட்டி அடக்கணும்ங்கிற காவல்காரரும் அவர்தான். 2016ல சட்டத்தைத் திருத்தி எழுதியே வச்சாச்சு, விலைவாசி ஏற்றம் 4 சதவீதம், மேல கீழ 2 விடலாம், தொடர்ந்து மூணு காலாண்டு 6க்கு மேல போனா ஏன்னு கவர்மென்ட்டுக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கணும். 2022ல அப்படி ஆயி, அந்த நவம்பர்ல எழுதியும் கொடுத்தாங்க. ஒரே கட்டிடத்துல ஒரு ரூம்ல வட்டியைக் குறைக்கப் பாக்கிற ஆளு, பக்கத்து ரூம்ல வட்டியைக் கூட்ட வேண்டிய ஆளு, ரெண்டு பேரும் மத்தியானம் ஒரே கேன்டீன்லதான் சாப்பிடணும்.

இதுல இன்னொரு பின்னல் இருக்கு, அது எனக்கு ரொம்ப நாள் வெளங்கல. ரெப்போன்னா என்ன? பேங்குகள் ரிசர்வ் பேங்குல அடகு வச்சு குறுகிய நாளுக்கு வாங்குற கடனோட வட்டி. அடகு வைக்கிறது எதை? கவர்மென்ட்டு பாண்டை. மார்த்தாண்டத்துல நாம சங்கிலியைக் கொண்டு வச்சு பணம் வாங்குற மாதிரி, பேங்குக்கு நகை கவர்மென்ட்டோட கடன் பத்திரம்தான். சந்தையில பணம் கூடவா இருக்கு, குறைக்கணும்னா ரிசர்வ் பேங்கு தன்கிட்ட இருக்கிற பாண்டை விக்கும், பணம் வேணும்னா பாண்டை வாங்கும். ஆக கவர்மென்ட்டு கடன் வாங்கலேன்னா ரிசர்வ் பேங்குக்கு கையில ஆயுதமே பாதி இல்ல. அதனால ரெண்டையும் பிரிச்சு வச்சிரணும்னு சொல்றவங்க பாதிக் கதைதான் சொல்றாங்கன்னு எனக்குப் படுது.

பாண்டு விலையும் வட்டியும் தராசுத் தட்டு மாதிரி, ஒண்ணு ஏறினா மத்தது இறங்கும். 6 சதவீத வட்டி எழுதின பத்து வருஷ பாண்டு 100 ரூபாய்க்கு வாங்கி வச்சிருக்கீங்க, புதுசா வர்ற பாண்டு 7.3 குடுக்குதுன்னா உங்க பழசை யாரு 100க்கு வாங்குவா? 91க்குத்தான் கேப்பான். நாட்டுல இருக்கிற பேங்கு எல்லாம் மூட்டை மூட்டையா இதைத்தான் வச்சிருக்கு, டெபாசிட் வாங்கினா 18 சதவீதம் இப்படி வச்சே ஆவணும்னு சட்டம். ரிசர்வ் பேங்கு வட்டியைக் கூட்டும்போது அத்தனை மூட்டையும் எடை குறையும், அதையும் பாத்துத்தான் கூட்டணும்.

சரி, எல்லாத்துக்கும் மேல ஒரு ஆசை இருக்கு, அதைச் சொல்லாம விட்டா கதையே இல்ல. விலைவாசி ஏறினா கடன்காரனுக்குக் கடன் லேசாவும். இதை நான் பொஸ்தவத்துல படிக்கல, தலைகீழா வீட்டுலயே பாத்திருக்கேன். எங்க அப்பாவுக்கு குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் இருந்துது. 2011ல ஷீட்டு கிலோ 240 ரூபாய் போச்சு, ஊரே தலைகால் புரியாம ஆடுன காலம், பைக்கு கார்னு வாங்கித் தள்ளினாங்க, அப்பாவும் தெகிரியமா ஒரு லட்சம் கடன் வாங்கிப் புது மரம் நட்டாரு. ஒரு லட்சம்னா அன்னைக்கு 417 கிலோ ஷீட்டு. 2016ல விலை 100க்குக் கீழ போயிட்டு, அதே ஒரு லட்சத்துக்கு 1,000 கிலோவுக்கு மேல வேணும். கடன் ஒரு ரூபாய் கூட ஏறல, ஆனா ரெண்டரை மடங்கு பால் வெட்டணும். அப்பா ஒட்டுப்பாலைக்கூட விடாம சொரண்டி எடுத்து சாக்குல கட்டிட்டு இருந்தது இப்பவும் கண்ணுல நிக்குது, அந்த நாத்தமும்.

இதை அப்படியே திருப்பிப் போட்டா கவர்மென்ட்டு. அதோட கடன் ரூபாய்ல எழுதினது, மாறாது. வருமானம் வரி, அது விலையோட ஏறும். 100 ரூபாய் சாமானுக்கு 18 ரூபாய் ஜிஎஸ்டி, அதே சாமான் 110 ஆச்சுன்னா 19.80. யாரும் வரியைக் கூட்டல, வரி கூடிட்டு. பழைய கடன் அதே 100லதான் நிக்குது. ஆக எந்த நாட்டு கவர்மென்ட்டுக்கும் அடிமனசுல ஒரு குரல், கொஞ்சம் ஏறட்டுமே, என்ன இப்போன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். நோட்டு அடிக்கிற மெஷினும் பக்கத்துலயே இருந்தா?

நம்ம நாட்டுல அந்தக் குரலுக்கு ரொம்ப நாள் கதவு தொறந்தே கெடந்துது. 1955ல ஒரு ஏற்பாடு பண்ணினாங்க, கவர்மென்ட்டு கணக்குல இருப்பு ஒரு அளவுக்குக் கீழ போச்சுன்னா தானாவே அட்-ஹாக் ட்ரெஷரி பில்லுன்னு ஒண்ணு பிறக்கும், ரிசர்வ் பேங்கு அதை வாங்கிட்டுக் கணக்குல காசு போட்டுரும். ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது, கேள்வி கிடையாது. தற்காலிகமா கைமாத்து மாதிரின்னு ஆரம்பிச்சது நாப்பது வருஷம் ஓடிச்சு. 1974ல இருந்து அதுக்கு வட்டி 4.6 சதவீதம்னு நிலையா வச்சாங்க, அந்த 1974லதான் விலைவாசி ஏற்றம் 25 சதவீதத்தைத் தாண்டிச்சு. முழுப் பழியையும் இதுமேல போடுறதும் நியாயம் இல்ல, அப்ப கச்சா எண்ணெய் விலை ஏறிச்சு, மழையும் பொய்ச்சுது. ஆனா வெந்தபுண்ணுல வேல் பாய்ச்சுற வேலையை இந்த ஏற்பாடு செஞ்சுது. எங்க சீட்டு அக்கா பெட்டியில காசு குறையும்போதெல்லாம் ஒரு துண்டுச் சீட்டுல 'ஆயிரம் ரூபாய்'னு எழுதி உள்ள போட்டு, அதையும் கடைக்காரன் வாங்கிக்கணும்னு சொன்னா எப்படி, அதான் இது. கொத்தனார் மாமா அப்புறம் ஒருநாள், நோட்டை அடிச்சு கடனை அடைச்சிர வேண்டியதுதானேன்னு கேட்டப்ப இதைத்தான் சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, “அப்ப கடைக்காரன் ரெண்டாவது மாசமே வெலையைக் கூட்டிருவான்”னாரு. எனக்குப் பதினஞ்சு கட்டுரை படிச்சு வெளங்குனது அவருக்கு ஒரு சாயாவுல வெளங்கிட்டு.

இன்னொரு பக்கம் டெபாசிட்காரன் தலையில கை வச்சாங்க. 1990 வாக்குல பேங்குகள் டெபாசிட்ல 38.5 சதவீதத்தை கவர்மென்ட்டு பத்திரத்துல போடணும், 15 சதவீதத்தை ரிசர்வ் பேங்குல ரொக்கமா வைக்கணும். எங்க பாட்டா 100 ரூபாய் பேங்குல போட்டா 53.50 நேரா அங்க போயிரும், மிச்சத்துலதான் ஊருக்குக் கடன். தள்ளே இல்லாம சீட்டு எடுக்கிற ஆளு ஒருத்தன் இருந்தா மத்த 19 பேரோட கழிவுதான் அவனுக்கு லாபம், அப்படி.

1994ல ரங்கராஜன் ரிசர்வ் பேங்கு கவர்னரா, மன்மோகன் சிங் நிதியமைச்சரா இருந்தப்ப ஒப்பந்தம் போட்டு, 1997 ஏப்ரல்ல அந்த அட்-ஹாக் பில்லுக்கு மூடுவிழா நடத்தினாங்க. பதிலுக்கு வழிவகை முன்பணம்னு, அளவு வச்ச, திருப்பிக் கட்ட வேண்டிய கைமாத்து வந்துது. அப்புறம் 2003ல நிதிப் பொறுப்புச் சட்டம், அதுப்படி 2006 ஏப்ரல்ல இருந்து ரிசர்வ் பேங்கு ஏலத்துல கவர்மென்ட்டு பாண்டை நேரடியா வாங்கக் கூடாது. சந்தையில பேங்குகிட்ட இருந்து வாங்கலாம், அதுக்குத் தடை இல்ல. முன்வாசலை அடைச்சு பின்வாசலைத் தொறந்து வச்ச மாதிரின்னு சிலபேரு நக்கல் அடிப்பாங்க, நானும் அடிச்சிருக்கேன், ஆனா வித்தியாசம் இருக்கு. முன்வாசல்ல விலை பேச்சே கிடையாது. பின்வாசல்ல, வாங்கலாமா வேண்டாமா, எப்ப, எவ்வளவுன்னு ரிசர்வ் பேங்குதான் முடிவு பண்ணுது. பெரிய இக்கட்டு வந்தா முன்வாசலையும் தொறக்கலாம்னு 2018ல ஒரு சந்து விட்டிருக்காங்க.

கொரோனா காலத்துல அந்தப் பின்வாசல் நல்லாவே ஆடிச்சு. 2020 மே மாசம் கவர்மென்ட்டு, 7.8 லட்சம் கோடி கடன் வாங்கறதா இருந்தோம், இப்ப 12 லட்சம் கோடி வாங்கப் போறோம்னு அறிவிச்சுது. சீட்டுல மலைமாதிரி ஆளு திடீர்னு ஒண்ணரை மடங்கு கேக்கான். தள்ளு எகிறியிருக்கணும், இல்லியா? எகிறல. ரிசர்வ் பேங்கு ரெப்போவை 4க்கு இறக்கிச்சு, பாண்டை வாங்கி வாங்கி பத்து வருஷ வட்டியை 6 சதவீதத்துப் பக்கத்துலயே புடிச்சு வச்சுது, 2021ல ஜிசாப்னு பேரு வச்சு ஏப்ரல்-ஜூன்ல 1 லட்சம் கோடி, அடுத்த மூணு மாசத்துக்கு 1.2 லட்சம் கோடின்னு முன்கூட்டியே சொல்லியே வாங்கிச்சு. எனக்கு 6.9க்கு லோன் கெடச்சது என் முகராசியால இல்ல, பெரிய ஆளுக்காகப் போட்ட பந்தல்ல நானும் போயி பந்தியில உக்காந்துட்டேன்.

அந்தப் பந்திக்குச் சாப்பாடு போட்டது யாருன்னா, எங்க அம்மா. சத்தியமா. அப்பா போன பிறகு வந்த காசை அம்மா எஃப்டியா போட்டு அந்த வட்டியிலதான் மருந்து மாத்திரை வாங்குகாங்க. 2020 அக்டோபர்ல புதுப்பிச்சப்ப சீனியர் சிட்டிசனுக்கு அஞ்சே முக்கால்தான் கெடச்சுது. அந்த 2020-21 வருஷம் விலைவாசி ஏற்றம் சராசரி 6.2. ஆக அம்மா காசு பேங்குல இருந்துக்கிட்டே தேஞ்சுது, வட்டி வந்துக்கிட்டே தேஞ்சுது. தப்பு செஞ்சாங்கன்னு நான் சொல்லமாட்டேன், அன்னைக்கு வேலையில்லாம ஜனங்க கெடந்த கெடப்புல கவர்மென்ட்டு செலவு பண்ணித்தான் ஆவணும், அதுக்குக் கடன் மலிவா கெடைக்கணும். ஆனா அந்த மலிவுக்கு ஒரு விலை இருந்துது, அது அம்மா மாதிரி ஆளுங்க கணக்குல சத்தமில்லாம போயிட்டு, எந்த பட்ஜெட் வரியிலயும் அது வராது. வரின்னு பேரு வச்சிருந்தா ஓட்டு கேட்டு வரும்போது கேட்டிருக்கலாம்.

இந்த விஷயத்துல எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். கடன் கூடினா எங்கயோ ஒரு இடத்துல யாராவது கட்டணும், வரியா, இல்ல வட்டியா, இல்ல விலைவாசியா. மொத ரெண்டும் கண்ணுக்குத் தெரியும், மூணாவதுதான் தெரியாது, அதனாலதான் அது எல்லாருக்கும் சௌகரியமான வழி.

பக்கத்துலயே பாக்கணும்னா கடலுக்கு அந்தாண்ட இலங்கை. வரியைக் குறைச்சாங்க, செலவு குறையல, அங்குள்ள மத்திய வங்கி அச்சடிச்சுக் கொடுத்துக்கிட்டே இருந்துது, கையில டாலரும் தீந்துது. 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியலன்னு கைவிரிச்சாங்க, அதே மாசம் வட்டியை ஒரே நாள்ல 7 சதவீதப் புள்ளி கூட்டினாங்க, அப்படியும் செப்டம்பர்ல கொழும்பு விலைவாசி ஏற்றம் 69.8 சதவீதம். 2023ல புதுச் சட்டம் போட்டு மத்திய வங்கி அரசுக்கு அச்சடிச்சுக் கொடுக்கிறதைத் தடுத்தாங்க. நாம 1997லயும் 2006லயும் பண்ணின வேலை, அவங்க அடி வாங்கின பிறகு பண்ணினாங்க.

ஒரு எதிர்க்கேள்வியும் இருக்கு, அதை எங்க மயினி கேட்டாங்க. கொளச்சல் பக்கம் ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்ப சாளை மீன் விலையைக் கேட்டாலே தலை சுத்தும். ரெப்போவைக் கூட்டினா சாளை கரைக்கு வருமா? வராது. 2023 ஜூலையில தக்காளி விலை ஏறி விலைவாசி ஏற்றம் 7.44க்குப் போச்சே, அதுக்கும் ரெப்போவால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது, பண்ணவும் இல்ல, சும்மா இருந்தாங்க, தக்காளி தானா இறங்கிச்சு. தடைக்காலம் முடிஞ்சா சாளையும் இறங்கிரும், மரச்சீனிக் கிழங்கும் புளிமுளம் மீன்கறியும் பழையபடி வரும். ரெப்போவுக்கு வேலை வேற இடத்துல. மீன் ஏறிட்டுன்னு சாயாவும் ஏறி, சாயா ஏறிட்டுன்னு கொத்தனார் கூலியும் ஏறி, எல்லாரும் ஏறத்தான் போவுதுன்னு முன்கூட்டியே விலை வைக்க ஆரம்பிக்கான் பாருங்க, அந்தத் தொத்தைத் தடுக்கத்தான் அது. அந்தத் தொத்து வந்துட்டா கடன்காரனுக்கும் லாபம் கிடையாது, ஏன்னா கடன் குடுக்கிறவன் முட்டாள் இல்ல. அடுத்த ஏலத்துல அவனும் சேத்துத்தான் தள்ளச் சொல்லுவான். விலைவாசியால கடனைக் கரைக்கிற வித்தை எதிர்பாக்காத ஆளுகிட்ட ஒருதடவை செல்லும், அதுக்கு மேல செல்லாது.

வரியும் விலைவாசிக்குள்ள வரும். 2022 மே மாசம் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 8 ரூபாய், டீசலுக்கு 6 ரூபாய் கலால் வரியைக் குறைச்சாங்க. விலைவாசி கொஞ்சம் தணியும், ரிசர்வ் பேங்குக்கு உதவி. ஆனா வரி குறைஞ்சா பள்ளம் விழும், பள்ளத்தை நிரப்பக் கடன், கடன் கூடினா ஏலத்துல தள்ளு. ஒரு கையால குடுத்ததை இன்னொரு கையால எடுக்கிற கதை, ஆனாலும் அன்னைக்கு அது செய்ய வேண்டிய காரியம்தான்னு நெனக்கேன்.

தரகரையும் காவல்காரரையும் பிரிச்சிரலாம்னு நம்ம ஊர்லயும் பேச்சு வந்துது. இங்கிலாந்துல 1998ல கடன் வாங்குற வேலையை மத்திய வங்கிகிட்ட இருந்து எடுத்துத் தனி அலுவலகத்துக்குக் கொடுத்துட்டாங்க. இங்க 2007-08 பட்ஜெட்ல சிதம்பரம் ஆரம்பிச்சாரு, 2015 பட்ஜெட்ல அருண் ஜெட்லி திரும்பச் சொல்லி, ரெண்டு மாசத்துல அந்தப் பிரிவுகளை மசோதாவுல இருந்து எடுத்துட்டாரு. பிரிச்சா நல்லதுன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சேன். அப்புறம் 2022 செப்டம்பர்ல அதே இங்கிலாந்துல, பணம் எங்க இருந்து வரும்னு சொல்லாம வரியைக் குறைக்கப் போறோம்னு புது கவர்மென்ட்டு அறிவிச்சு, பாண்டு விலை சரிஞ்சு, பென்ஷன் ஃபண்டு எல்லாம் ஆட்டம் கண்டு, விலைவாசியை அடக்க வட்டியைக் கூட்டிக்கிட்டு இருந்த பேங்க் ஆஃப் இங்கிலாந்தே அஞ்சு நாள்ல பாண்டு வாங்க எறங்க வேண்டியதாச்சு. தனி ஆபீசு, தனி போர்டு எல்லாம் இருந்துது, கடைசியில அதே வாசல்லதான் வந்து நின்னாங்க.

எங்க சீட்டு அக்கா கதை ஒண்ணு. அவங்க மவ கல்யாணம், தை மாசம், பணம் முடை. சீட்டுப் பெட்டி அவங்க கையில, கணக்கு நோட்டு அவங்க கையில. 20 பேர்ல யாருக்கு எப்ப முடை, யாரு எவ்வளவு வரைக்கும் தள்ளுவான்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். எடுத்திருந்தா ஒருத்தனும் கேட்டிருக்கமாட்டான். அவங்க அடுத்த தெரு சீட்டுல போயி 22,000 தள்ளி எடுத்துட்டு வந்தாங்க. ஏன் அக்கான்னு கேட்டேன். “நான் இங்க ஒருவாட்டி எடுத்தா, அடுத்த மாசத்துல இருந்து எல்லாவனும் என் மொவத்தையே பாத்துட்டு இருப்பான்”னு சொல்லிட்டு நோட்டை மடக்கினாங்க. அந்த அக்கா மாதிரி ஆளு இருந்தா ரூமைப் பிரிக்கவே வேண்டாம், இல்லேன்னா எத்தனை சுவர் எழுப்பினாலும் பத்தாது, அதான் இப்ப என் கட்சி.

என் லோன் கதையைப் பாதியில விட்டுட்டேன். சண்டை போட்ட மறுமாசம் ஈஎம்ஐயை 24,000 ஆக்கினேன், அக்கா சீட்டுல 9,000 தள்ளி எடுத்து ஒருதடவை அசல்ல கட்டினேன். 2025 பிப்ரவரியில இருந்து ரெப்போ இறங்க ஆரம்பிச்சு ஜூன்ல 5.5க்கு வந்துட்டு, எனக்கும் இறங்கிச்சு, ஆனா ஈஎம்ஐயைக் குறைக்காம அப்படியே விட்டிருக்கேன், சூடு கண்ட பூனை.

ஜூலையில அம்மாவோட எஃப்டி முதிர்ந்துது. 2023ல ஏழரைக்குப் போட்டது. பேங்குக்குக் கூட்டிட்டுப் போனேன், ஸ்கூட்டர்ல போற வழி முழுக்க இந்தக் கதையைத்தான் சொல்லிட்டுப் போனேன், கேட்டாங்களா இல்லியான்னு தெரியல, சேலையைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. கவுண்டர்ல அந்தப் பையன், வட்டி குறைஞ்சிட்டும்மா, வழக்கம்போல ரெண்டு வருஷத்துக்குத்தான போடணும்னு கேட்டான்.

“இன்னும் எறங்குமா மக்களே?”

“எறங்கும்னுதான் சொல்லுகாங்க அம்மா.”

“அப்ப அஞ்சு வருஷத்துக்குப் போடு. கவர்மென்ட்டு 50 வருஷத்துக்குப் பூட்டுகுன்னு இவன் வழி நெடுக கத்திட்டு வாறான். எனக்கு மட்டும் பூட்டத் தெரியாதா?”

பையன் என்னைப் பாத்தான். நான் ஃபாரத்தை வாங்கி, காலம்ங்கிற கட்டத்துல 60 மாதம்னு எழுதிக் கொடுத்தேன்.